மூன்றாம் பக்கத்து ‘அவன்’

எனது பெயர், கணவர் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன, அவை சரி. என் வயது முப்பத்தாறு. ஐந்தாம் வகுப்பு வரை படித்துள்ளேன். பேருந்துப் பணிமனைக்கு எதிரே உள்ள பட்டறையில் பதினாறு வருடங்களாகப் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கும் வேலை செய்து வருகிறேன். என் கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வீட்டில் ‘வாலு’ என்று கூப்பிடுவோம். என் மகள் படிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியையையும், அங்கே பிள்ளைகளுக்கு உளவியல் சோதனை செய்ய வருபவரையும் ஓர் அறையில் இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் அடைத்து வைத்ததாகவும், கையில் ஆயுதம் வைத்திருந்ததாகவும், மிரட்டிக் கடிதம் எழுதி வாங்கியதாகவும் என் மீது புகார் உள்ளது. அது குறித்து ஆய்வாளர் விசாரிக்க, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் கூறுவதாவது:

அடைத்து வைத்தது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் விஷயம் அந்தக் கதவில் ஆரம்பிக்கவில்லை என்பதால் முதலிலிருந்து சொல்வேன், சொன்னபடியே எழுத வேண்டும் என்று கேட்டேன். ஆய்வாளர் சம்மதித்தார்.

என் மகள் பேச்சில் கெட்டி. கேட்ட கதையை ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொல்வாள். படிப்பில்தான் சிக்கல். ‘மரம்’ என்று எழுதியிருந்தால் ‘ரமம்’ என்பாள், பிறகு அவளே சிரிப்பாள், இப்போது கொஞ்ச நாளாகச் சிரிப்பதில்லை. இந்த வருடம் பள்ளி திறந்த இரண்டாம் மாதம் வகுப்பு ஆசிரியை என்னை அழைத்து, பிள்ளைக்கு உளவியல் சோதனை செய்தால் எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும் என்று கூறி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். நானும் மனதாரப் போட்டேன். கண் சரியில்லை என்றால் கண் டாக்டரிடம் காட்டுவதில்லையா, அது போலத்தான் நினைத்தேன். சோதனை என்பதற்கே நான் விரோதி என்று புகாரில் எழுதியிருப்பது பொய்.

அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சோதனை நடந்தது. மூன்று வருடமாகச் சோதனை செய்ய வருபவரைப் பிள்ளைகள் ‘டெஸ்ட் சார்’ என்பார்கள். அன்று மாலை என் மகளிடம் என்ன கேட்டார் என்று விசாரித்தேன். பெயர் கேட்டார், ஒரு வீடு வரையச் சொன்னார், வரைந்துகொண்டிருக்கும்போது அவருக்கு போன் வந்தது, பேசிக்கொண்டே, நீ போகலாம் என்று கை காட்டினார் என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லையா என்று திரும்பக் கேட்டேன். விளையாட்டுப் பீரியடு தொடங்கும்போது கூப்பிட்டார்கள், திரும்பி வந்தபோதும் பந்து தன் கைக்கு வர இன்னும் மூன்று பேர் பாக்கி இருந்தார்கள் என்றாள். சின்னப் பிள்ளை ஏதோ சொல்கிறது, அவர்களுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். என் தவறு என்று சொல்ல வேண்டுமானால் இது ஒன்றுதான்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு நான்கு பக்க அறிக்கையைக் கொடுத்தார். என் மகளின் நுண்ணறிவு எண் அறுபத்திரண்டு என்றும், அது அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்றும், இந்தப் பள்ளி அவளுக்குத் தோதுப்படாது என்றும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தனிப் பள்ளியில் மாத முடிவுக்குள் சேர்த்துவிட வேண்டும் என்றும் கூறினார். என் மகள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அம்மா, அறுபத்திரண்டுன்னா பாஸா?” நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தாலே பாஸ் என்பது அவளுக்குத் தெரியும். ஆமாம், பாஸ் என்று சொன்னேன்.

அன்று மாலையே அறிக்கையைப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு விரல் வைத்துத்தான் படிக்க வரும், ஒவ்வொரு எழுத்தாக. நான்கு பக்கம் படிக்க மூன்று மாலை ஆனது. மூன்றாம் பக்கத்தில் ‘அவன் வரைந்த வீட்டுக்கு வாசல் இல்லை’ என்று இருந்தது. நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து மறுபடி விரல் வைத்தேன். மறுபடியும் ‘அவன்’. கீழே ‘எண்களை வரிசையாகத் திருப்பிச் சொல்ல அவனால் இயலவில்லை’ என்றும், ‘சோர்ந்துவிட்டான்’ என்றும் இருந்தது. மகளை எழுப்பாமல் — அவள் பாயிலேயே தூங்கிவிட்டிருந்தாள் — கணவரிடம் காட்டினேன். அவர் லாரியை விட்டு இறங்கி வந்த களைப்பில் இருந்தார். டைப் அடிக்கும்போது தவறியிருக்கும், பள்ளிக்கூடத்தைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

மறுநாள் பட்டறையில் ரெக்சின் வெட்டும் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் பத்திரிகை முழுவதும் படிப்பவர். சத்தமாகவே படித்தார். முதல் இரண்டு பக்கத்தில் ‘அவள்’, மூன்றாம் பக்கம் முழுவதும் ‘அவன்’, நான்காம் பக்கத்தில் மறுபடி ‘அவள்’. ‘அவன்’ மொத்தம் ஏழு இடம். படித்து முடித்து, தாளை மடித்து என் கையில் கொடுத்து, “இது உன் பொண்ணு இல்லம்மா, வேற யாரோ பையன்” என்றார். அன்று மாலை என் மகளிடம் நீ வரைந்த வீட்டுக்கு வாசல் உண்டா என்று கேட்டேன். இரண்டு வாசல், ஒன்று பூனைக்கு என்றாள்.

அதன் பிறகு அறிக்கையோடு தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஓர் எழுத்துப் பிழைக்காகப் பெரிய படிப்புப் படித்தவரைச் சந்தேகப்படக் கூடாது என்றார். ஓர் எழுத்து இல்லை, ஒரு பக்கம் என்று சொன்னேன். நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐந்தாவது என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். விடைத்தாளைக் காட்டுங்கள் என்று கேட்டேன், அது ரகசியம் என்றார். திரும்பச் சோதனை செய்யுங்கள் என்றேன், ஒரு வருடம் போகாமல் செய்யக் கூடாது என்பது விதி என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மாற்றுச் சான்றிதழ் தயாராக இருக்கும், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மணியை அழுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த ‘அவன்’ யார் என்று தேட ஆரம்பித்தேன். முன்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பப்பட்ட பையன்கள் யார் என்று பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் கேட்டதில் இரண்டு நாளில் கிடைத்துவிட்டான். பேருந்து நிறுத்தத்தில் பழக்கடை வைத்திருக்கும் பெண்ணின் மகன், வயது பத்து, ஒன்றரை வருடத்துக்கு முன் இதே பள்ளியிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பப்பட்டவன். யார் எந்தப் பழம் வாங்குவார்கள் என்று முகம் பார்த்தே எடுத்து நீட்டுகிறவன். அவன் அம்மா அறிக்கையை லேமினேட் செய்து வைத்திருந்தார், புதுப் பள்ளியில் அடிக்கடி கேட்கிறார்களாம். பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மூன்றாம் பக்கம் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தது. வாசல் இல்லாத வீடு, திருப்பிச் சொல்ல முடியாத எண்கள், சோர்ந்துவிட்டான் எல்லாம். எண் அவனுக்கும் அறுபத்திரண்டு.

அவன் பக்கத்திலாவது அவன் இருப்பான் என்று நினைத்தேன். பழக்கடைக்காரர் கீழே ஒரு வரியைக் காட்டினார். ‘இடது கைப் பழக்கம் உள்ளவன்’ என்று இருந்தது. “அக்கா, இவன் சோத்துக் கைக்காரன்” என்றார். பையன் அப்போது வலது கையால் ஒரு பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்படியானால் அந்த இடது கைப் பிள்ளை யார், எந்த வருடம் படித்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. பழக்கடைக்காரர் அந்த லேமினேட் தாளைத் திரும்ப உறைக்குள் போடவில்லை. கூடையின் மேலேயே வைத்துவிட்டு வாடிக்கையாளர் கேட்டதை எடைபோடப் போனார், இரண்டு முறை தப்பாகப் போட்டார்.

சம்பவத்தன்று, கடந்த மாதம் பதினான்காம் தேதி வியாழக்கிழமை, டெஸ்ட் சார் அன்று வருவதாக என் மகள் மூலம் முன்தினமே தெரிந்துகொண்டு, பட்டறையில் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு, காலை பத்து மணியளவில் பள்ளிக்குப் போனேன். பழக்கடைக்காரரை நான் அழைக்கவும் இல்லை, அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. சோதனை நடக்கும் அறை தாழ்வாரக் கடைசியில் உள்ளது, முன்பு வரைபடங்களும் உடைந்த பெஞ்சுகளும் போட்டு வைத்த அறை. உள்ளே டெஸ்ட் சாரும் தலைமை ஆசிரியையும் மட்டும் இருந்தார்கள், பிள்ளைகள் யாரும் இல்லை. இருந்திருந்தால் நான் நுழைந்திருக்க மாட்டேன். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டு, ஒரு நாற்காலியை இழுத்துக் கதவோடு சேர்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தேன்.

ஆயுதம் என்று புகாரில் உள்ளது இருக்கை தைக்கும் வளைந்த ஊசி. வேலையிலிருந்து நேராக வந்ததால் மேல்சட்டைப் பையில் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவே இல்லை. ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது என்பார்கள். பள்ளி இடம் கொடுக்காமல் அந்த ஆளும் நுழைந்திருக்க முடியாது. அன்றைக்கு அந்த அறையில் குத்தியது பள்ளி இடம் கொடுத்ததுதான், என் பையில் இருந்த ஊசி இல்லை.

என்ன வேண்டும் என்று தலைமை ஆசிரியை கேட்டார். என் மகளின் அறிக்கையையும், முன்பே நகல் எடுத்து வைத்திருந்த பழக்கடைப் பையனின் அறிக்கையையும் மேசையில் வைத்தேன். என் மகளுக்கு இரண்டு அமர்வுகளில் மூன்று மணி நேரம் சோதனை செய்ததாக எழுதியிருக்கிறது, அந்தச் சோதனையை இப்போது எனக்குச் செய்து காட்ட வேண்டும், செய்து முடித்ததும் கதவைத் திறப்பேன் என்றேன். டெஸ்ட் சார் அது பதினாறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது, பெரியவர்களுக்குச் செய்ய முடியாது என்றார். “அப்ப என்னையும் பதினாறுன்னு வச்சுக்கங்க. எப்படியும் எண்ணு உங்க கையிலதான இருக்கு” என்றேன்.

அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சோதனை ஆரம்பிக்கவில்லை. டெஸ்ட் சார் போனில் யாரையோ அழைத்தார், நான் தடுக்கவில்லை. வெளியே விளையாட்டு ஆசிரியர் கதவைத் தட்டினார். தலைமை ஆசிரியைக்கு வியர்த்தது, எழுந்து மின்விசிறியைப் போட்டுவிட்டேன், என் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தேன், அவர் குடித்தார். இது புகாரில் இல்லை. கடைசியில் அவரே டெஸ்ட் சாரைப் பார்த்து, செய்து காட்டிவிடுங்கள், இந்தம்மா போகட்டும் என்றார்.

டெஸ்ட் சார் சோதனைச் சாமான்கள் இருந்த நீல நிறப் பெட்டியை மேசை மேல் வைத்தார், திறக்கவில்லை. தலைமை ஆசிரியைதான் கொக்கியை விடுவித்தார். உள்ளே சிவப்பும் வெள்ளையுமான கட்டைகள் இருந்தன, அவற்றைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை ஒட்டியபடியே இருந்தது. படப் புத்தகத்தின் மேலும் அதே போல் உறை. விடைத்தாள் கட்டைச் சுற்றிய காகிதப் பட்டை அறுபடவில்லை. நான் தினமும் ரெக்சின் சுருளைப் பிரிக்கிறவள், ஒரு முறை பிரித்ததையும் பிரிக்காததையும் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்வேன். ஆனால் நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. தலைமை ஆசிரியை அந்த உறையை நகத்தால் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரிடம் கேட்டார்:

“இத நீங்க இன்னும் பிரிக்கவே இல்லையா?”

வீட்டில் இன்னொரு பெட்டி இருக்கிறது என்றார் டெஸ்ட் சார். மூன்று வருட விடைத்தாள்கள் எங்கே என்று தலைமை ஆசிரியை கேட்டார். கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றார். எந்தக் கம்ப்யூட்டரில் என்று கேட்டதும் டெஸ்ட் சார் பெட்டியின் மூடியைச் சாத்தப் போனார். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார், துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் அவர் என்னைப் பார்த்து தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தாழ்ப்பாளை எடுத்திருப்பேன். அவர் சொன்னது, “வெளியில யார்கிட்டயும் சொல்லாதீங்க, நான் பார்த்துக்கறேன்” என்பது. ஆகவே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

என் மகளைப் பள்ளியிலிருந்து நீக்கவில்லை என்றும், அரசு மருத்துவமனையில் புதிதாகச் சோதனை செய்ய வேண்டும் என்றும் தலைமை ஆசிரியை நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டார். அதை விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். படிக்கக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தையும் அடைத்து வைத்த நேரத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். மிரட்டி எழுதி வாங்கினாயா என்று ஆய்வாளர் கேட்கிறார். கதவைச் சாத்தி உட்கார்வது மிரட்டல் என்றால் மிரட்டினேன். என் மகளையும் அதே பள்ளியில் ஒரு தாளைக் காட்டித்தான் வெளியே தள்ளப் பார்த்தார்கள். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. கதவை நானே திறந்தேன். போலீசார் அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தார்கள்.

அன்று நிலையத்துக்கு என் கணவர் தண்ணீர் லாரியோடு வந்தார், லாரியை வாசலில் நிறுத்த இடமில்லாமல் திட்டு வாங்கினார். பள்ளிக்கூடத்தைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னவர்தான். “நீ பூட்டினது தப்புன்னு சொல்ல மாட்டேன். என்கிட்ட சொல்லாம போனதுதான் தப்பு. நான் வெளியில நின்னிருப்பேன்ல” என்றார். ஜாமீன் தாளில் அவரே கையெழுத்திட்டார்.

அதன் பிறகு இம்மாதம் முதல் வாரத்தில் அரசு மருத்துவமனையில் என் மகளுக்கு இரண்டு காலை வேளைகளில் சோதனை நடந்தது. செய்தவர் நரைத்த தலையுள்ள அம்மா. முதல் அரை மணி நேரம் ஒன்றும் கேட்கவில்லை, சாப்பிட்டாயா, தூங்கினாயா, யாரோடு சண்டை என்றே பேசிக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைகள் மூலை தேய்ந்து சாயம் போயிருந்தன. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. என் மகளின் அறிவு மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் இருக்கிறது என்றும், எழுத்துகளைக் கோத்துப் படிப்பதில் மட்டும் பிறவியிலேயே ஒரு தடுமாற்றம் இருக்கிறது என்றும், அது சோம்பலும் இல்லை மந்தமும் இல்லை என்றும், இதே பள்ளியில் கூடுதல் நேரமும் வாய்மொழித் தேர்வும் கொடுத்தால் போதும் என்றும் எழுதிக் கொடுத்தார். என் மகளுக்குக் குறையே இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. இருக்கும் குறையைப் பார்த்துச் சொல்லுங்கள், இல்லாததை அடுத்த பிள்ளையிடமிருந்து எடுத்து ஒட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்த அறிக்கையை நான் அங்கேயே விரல் வைத்துப் படித்ததை அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்க சின்ன வயசுல இருந்தே இப்படித்தான் படிப்பீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். நேரம் இருந்தால் உட்காருங்கள் என்று சொல்லி, பெரியவர்களுக்கான சொற்பட்டியலை எடுத்து நாற்பது நிமிடம் எனக்கும் செய்தார். மகளுக்கு இருப்பதுதான் எனக்கும் இருக்கிறது என்றார். ஐந்தாம் வகுப்பில் என்னை நிறுத்தியபோது என் அப்பாவிடம் வாத்தியார் சொன்னது, இவள் தலையில் எதுவும் ஏறாது என்பது. அதை அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் உறையில் ஒரு பக்கம் தையல் விட்டுப்போயிருந்தது. ஊசி இருக்கிறது, தைத்துக் கொடுத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். அவர் சரி என்றார். தைத்து முடிக்கும்வரை நான் நிமிரவில்லை, அவரும் அடுத்தவரைக் கூப்பிடவில்லை.

பழக்கடைக்காரரின் மகனுக்கு அதே மருத்துவமனையில் அடுத்த வாரம் தேதி கிடைத்துள்ளது. டெஸ்ட் சார் அந்த நாளிலிருந்து பள்ளிக்கு வருவதில்லை. அவர் மீது நானும் பழக்கடைக்காரரும் கொடுத்த புகார் பெறப்பட்டும் இன்றுவரை பதியப்படவில்லை, அதற்கு ரசீதும் தரவில்லை; அதையும் இதில் எழுத வேண்டும் என்று சொன்னேன், எழுதப்பட்டது.

நேற்று முன்தினம் பள்ளி நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் பட்டறைக்கு வந்து, மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்றார். ஆய்வாளரும் இன்று அதையே, நல்ல எண்ணத்தில்தான், எடுத்துச் சொன்னார். வழக்கு என்றால் எத்தனை நாள் வேலை போகும், எத்தனை முறை வந்து நிற்க வேண்டும் என்று விளக்கினார். எனக்கு அது தெரியும். மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம். பூட்டியதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். மன்னிப்பு எழுதித் தர மாட்டேன். நாளைக்கு அந்த ஒரு வரியைக் காட்டி, அம்மாவே தப்பு என்று ஒப்புக்கொண்டாள் என்று மற்றப் பிள்ளைகளின் அறிக்கைகளையும் சரியாக்கிவிடுவார்கள்.

இத்துடன் நான் சொல்ல வேண்டியது முடிந்தது. எழுதியதைப் பெண் காவலர் எனக்கு முதலிலிருந்து நிதானமாகப் படித்துக் காட்டினார். கடைசியில் ‘நடந்த சம்பவத்துக்காக வருந்துகிறேன்’ என்று ஒரு வரி வந்தது. இது நான் சொன்னது இல்லையே என்றேன். எல்லாருக்கும் வழக்கமாக எழுதுகிற வரிதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுத்தர் சொன்னார். எல்லாருக்கும் வழக்கமாக எழுதுகிற வரியால்தான் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். ஆய்வாளர் பேனாவை வாங்கி அந்த வரியைத் தம் கையாலேயே அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

அடித்தது போக மீதி உள்ளது எல்லாம் நான் சொன்னது. நான் சொன்னது எல்லாம் நடந்தது. படிக்கக் கேட்டு, சரி என்று அறிந்து, கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

என் முன்பாக,
காவல் ஆய்வாளர் (ஒப்பம்)